டீச்சருக்குப் போன அனுதாபக் கடிதம்

யாருடைய பிறந்த நாளையும் நான் மறப்பதில்லை. இந்த அறைக்குள் வந்ததும் உங்களிடம் நான் முதலில் கேட்டது அதைத்தானே, சார். நீங்கள் முறைத்தீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம். கேஸில் எரியும் வெந்நீர் ஹீட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கழற்றும்போதே "பேத்திக்குப் பல் முளைச்சிடுச்சா?" என்று கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதற்குக் காரணம், நீங்கள் பையில் போட்டு அரக்கு வைத்திருக்கும் அந்தக் கையடக்க ஆர்கனைசர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குச்சியால் தொட்டால் ஒரு வாடிக்கையாளரின் பக்கம் திறக்கும். எந்த ஹீட்டர், அதை எப்போது கழற்றித் துடைத்தது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், முழங்கால் வலி எந்தக் காலில், எல்லாம் இருக்கும். சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டர் பக்கத்திலுள்ள தாங்கியில் செருகினால், வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிறந்த நாள் என்றால் வாழ்த்து அச்சாகும். பரீட்சை என்றால் ஊக்கக் கடிதம். என் மனைவியின் பிறந்த நாளன்று அவளுக்கும் ஒன்று போனது. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் ஹீட்டரைப் போலவே தங்கள் வாழ்வும் கதகதப்பாக இருக்க வாழ்த்துகிறோம்." அவள் சில நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தேதி சரியாகத்தான் இருந்தது.

கடையில் நானும் என் மனைவியின் தம்பியும்தான். நான் ஆரம்பத்தில் கருவிப்பை தூக்கியவன்தான், பிறகு நாற்காலிக்கு வந்துவிட்டேன். மைத்துனன் இன்றும் வீடு வீடாகப் போகிறான். முன்பெல்லாம் யார் வீட்டு ஹீட்டரை எப்போது துடைக்க வேண்டும் என்பதைத் தலைக்குள்ளேயே வைத்திருப்பான். கேட்டால் மேலே பார்த்து யோசித்துச் சொல்வான். எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. ஒரு வியாபாரம் ஒருவன் மண்டைக்குள் இருக்கலாமா? காலையில் நான் ஆர்கனைசரைப் பார்த்து வாசிக்கும் வீடுகளுக்கு மட்டும் போனால் போதும் என்றேன். கொஞ்ச நாளில் நன்றாகப் பழகிக்கொண்டான். யாராவது தேதி கேட்டால், "எனக்கென்ன தெரியும், அத்தானோட மெஷினுக்குத்தான் தெரியும்" என்று சிரிப்பான்.

இப்போது டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

நாலாவது மாடியில் தனியாக இருந்தவர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்திலும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார், அவரும் எங்கள் வாடிக்கையாளர்தான். கீழ்த்தளத்து டீச்சர் காலமாகிவிட்டார் என்று மைத்துனன் வந்து சொன்னான். நான் உடனே பக்கத்தைத் திறந்து "இறந்தவர்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். நிச்சயமா என்று மென்பொருள் கேட்டது. நிச்சயம் என்றேன். பெயர்ப் பட்டியலில் குச்சியின் முனை ஒரு வரி மேலே பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அனுதாபக் கடிதம் நாலாவது மாடிக்குப் போய்விட்டது. மறுநாள் டீச்சரே கடைக்கு வந்தார், கையில் கடிதத்தோடு.

"தம்பி, நான் செத்துட்டேனாமே. எனக்கு யாருமே சொல்லலை."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "அன்னாரின் மறைவு ஈடு செய்ய முடியாதது. அன்னாரது பத்து லிட்டர் ஹீட்டர் என்றும் எங்கள் நினைவில் நிற்கும்." கடிதத்தின் மாதிரி வாசகம் நான் எழுதியது, ஹீட்டர் அளவை மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்ளும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல முடியாது.

"சாகறதுக்கு முன்னாடியே படிச்சுப் பார்த்துட்டேன். இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?" என்றார். மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்து, "உங்க மெஷின்ல நான் உயிரோட இருக்கேனான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். பால் போடுகிறவனும் கேட்டான். பார்த்துச் சொன்னேன். இருந்தார்கள்.

கீழ்த்தளத்து டீச்சர் பக்கத்தில் அன்றே சரியாக டிக் போட்டுவிட்டேன். நாலாவது மாடி டீச்சரின் டிக்கை எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எடுக்க முடியாது, சார். இறந்தவர் மறுபடி உயிரோடு வர அந்த மென்பொருளில் வழி இல்லை. புதுப் பக்கம் தொடங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். அப்போது ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் ஆகிவிடும். அடுத்த வாரம் சிறு வணிகர் சங்கத்தில் நான் பேச வேண்டியிருந்தது. தலைப்பு: "வாடிக்கையாளரை அறிவோம்." என்னிடம் பிழையான பக்கமோ இரட்டைப் பக்கமோ ஒன்றுகூட இல்லை என்று திரையில் போட்டுக் காட்டுவதாக இருந்தேன். எத்தனை வருட உழைப்பு அது. யாரும் எனக்கு அதுவரை மேடை கொடுத்ததில்லை.

சங்கத் தலைவர் வேடிக்கைப் பிரியர். என்னைக் கேட்காமலேயே டீச்சரையும் கூப்பிட்டுவிட்டார். எனக்குப் பிறகு அவர் பேசி, கடிதத்தைக் கூட்டத்தில் வாசிப்பாராம். மைத்துனன்தான் இதை என்னிடம் குஷியாகச் சொன்னான். எனக்கு வருத்தமாக இருந்தது, சார், நிஜமாகவே. ஒரு மனிதன் ஊரிலுள்ள எல்லோரையும் நினைவில் வைத்துக்கொள்கிறான். ஊர் அவனை ஒரே ஒரு டிக்குக்காக நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"தம்பி, உங்க மெஷின்ல செத்துப்போன டீச்சர் பேசறேன். ஹீட்டர்ல தீ மஞ்சளா எரியுது. குளிச்சுட்டு வந்தா தலை கிர்ருனு சுத்துது. ஆளை அனுப்புறீங்களா?"

கேஸ் ஹீட்டர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, நெருப்பு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அப்போது வெளியே வரும் வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய குளியலறையில் ஆளைத் தூங்க வைத்துவிடும். தொழிலில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மைத்துனனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். ஆர்கனைசரில் அவர் பக்கத்தைத் திறந்து வருகையைக் குறிக்கப் பார்த்தேன். இறந்தவர் வீட்டுக்கு வருகை குறிக்க இயலாது என்று வந்தது. விதியை நான் எழுதவில்லை. அவருடைய ஹீட்டரைத் துடைக்க வேண்டிய நாள் அதற்கு முந்தின நாளே வந்து போயிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். இறந்தவர்களுக்கு அது நினைவூட்டுவதில்லை.

ஒரு துண்டுத் தாளில் எழுதியிருக்கலாம். வாயால் சொல்லியிருக்கலாம். நான் போனை வைக்கும் நேரத்தில்தான் மைத்துனன் வெளியிலிருந்து வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து குழாய் ஒன்றைத் துடைக்கத் தொடங்கியிருந்தான்.

"யாரு அத்தான் போன்ல?"

"தப்பான நம்பர்."

மறுநாள் காலை வழக்கம்போல ஆர்கனைசரில் இருந்த வீடுகளை வாசித்தேன். வழக்கம்போல அவன் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஆர்கனைசரில் இல்லாத எதையும் நான் வாசிப்பதில்லை, அவனும் கேட்பதில்லை. ஒழுங்கு என்பது அதுதான்.

அன்றே டீச்சர் குளியலறையில் விழுந்து கிடந்தார். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். மைத்துனன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "எப்பப் போனாலும் ஜன்னலைத் திறந்து வெச்சுக் குளிங்கன்னு சொல்லிட்டுத்தானே வருவேன். ஏன் சாத்தினாங்க, அத்தான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். துக்கத்தில் இருப்பவரிடம் அதிகம் பேசக் கூடாது என்று மென்பொருளோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது.

சங்கக் கூட்டம் நன்றாக நடந்தது. பேச்சைத் தொடங்கும் முன், மறைந்த டீச்சருக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கங்களைத் திரையில் போட்டேன். பிழை ஒன்றும் இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மருந்துக்கடைக்காரர்கூட வந்து கையைக் குலுக்கினார்.

உங்களிடம் என்னைக் கொண்டுவந்து விட்டது மைத்துனன் என்று முதலில் நினைத்தேன். அவனுக்கு என்ன தெரியும், பாவம். ஜன்னல், ஜன்னல் என்று அவன் வீட்டில் வந்து புலம்பியபோது, என் மனைவியின் முகம் வெளிறிவிட்டது. டீச்சர் போன் செய்தபோது அவள் கடையில் பின்னால் உட்கார்ந்து வாழ்த்துக் கடிதங்களுக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தாள். யாரிடம் பேசினேன் என்று அவளுக்குத் தெரியாது, நான் பேசியது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அவள் பக்கத்தில் "கவனிக்காதவள்" என்று குறித்து வைத்திருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், அரைகுறைத் தகவல் எனக்குப் பிடிக்காது. போனை வைக்கும் முன் டீச்சர் இன்னொன்று கேட்டார்.

"உங்க மச்சினன் வர்ற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வெச்சே குளிக்கட்டுமா, தம்பி?"

நான் சொன்னேன்: "வேணாம். காத்து பட்டுத்தான் தீ மஞ்சளா எரியுது. ஜன்னலை நல்லா சாத்திக்கிட்டுக் குளிங்க."

"சரி தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இதைக் கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். டாக்டர் சொல்வதற்கு முன்பே அவர் இறந்ததாக என்னிடம் பதிவாகியிருந்தது. இன்றைய தேதிக்கு என்னிடம் பொய்யான பக்கம் ஒன்றுகூட இல்லை.

டீச்சர் வீட்டுக்கு மறுபடி அனுதாபக் கடிதம் அனுப்பவில்லை. ஒருவருக்கே இரண்டு தடவை அனுப்பினால் ஊர் சிரிக்கும்.