ஒன்பதாவது கப்பலில் பெரட்டு

மழைக்காலத்தில் கொப்பி மெஷினுக்குள் தாள் சுருண்டுகொள்ளும். அப்புத்தளையில் வருஷத்தில் பாதி மழைக்காலம், மீதிப் பாதி பனி. ஆகையால் என் கடையில் கொடுத்த தாள் குறித்த நாளில் திரும்பக் கிடைக்கவில்லை என்று யாராவது முறையிட்டிருந்தால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணை அதிகாரி சரவணமுத்து ஐயா அவர்களே, நடந்ததை எழுத்தில் தரச் சொன்னீர்கள். தருகிறேன். என் பெயர் விஜயலெட்சுமி, வயது ஐம்பத்திரண்டு. ஸ்டேஷன் ரோட்டில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். டைப் அடிப்பேன், கொப்பி எடுப்பேன், ஃபோம் நிரப்பிக் கொடுப்பேன். மூன்று மொழியிலும் டைப் அடிக்கத் தெரிந்தவள் இந்த வீதியில் நான் ஒருத்திதான். யார் வீட்டுக் கல்யாணம் எதனால் தட்டிப்போனது, யாருக்குச் சீனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். நானாகத் தேடிப் போவதில்லை ஐயா. தாளைக் கோணாமல் வைக்க வேண்டுமென்றால் பார்த்துத்தானே வைக்க வேண்டும்.

எங்கள் விண்வெளி ரசிகர் வட்டத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது சங்கமல்ல, கட்சியுமல்ல. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை பூட்டு. மத்தியானத்துக்குப் பிறகு பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அவரவருக்குப் பிடித்த விஞ்ஞானக் கதை, படம், தொடர் எதுவானாலும் வந்து சொல்லலாம். ஃபோன் கவர் விற்கிற ஷுக்ரி, கப்பல் வெடிக்கிற படம் மட்டும்தான் பார்ப்பான். எத்தனை வெடித்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். கொழுந்து எடுக்கிற பெரியாயிக்குக் காலத்தில் முன்னே பின்னே போகிற கதை பிடிக்கும். "நூறு வருசம் தள்ளிப் போனாலும் அட்டை கடிக்குமாங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். மேமலைத் தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருஷம் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்ற பொன்னையா அண்ணனுக்கு ஆட்களைப் பற்றிக் கவலையில்லை. கப்பலை எது ஓட்டுகிறது, யார் எண்ணெய் விடுகிறார்கள் என்பதுதான் அவர் கவலை.

ஆனால் எல்லாரும் வந்தது 'ஒன்பதாவது கப்பல்' கேட்பதற்குத்தான். அது ஓர் ஆங்கிலத் தொடர். பூமியை விட்டுப் புறப்பட்ட கப்பல். போய்ச் சேர முந்நூறு வருஷம் ஆகும். ஏறியவர்கள் இறங்க மாட்டார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இறங்க மாட்டார்கள். முதல் பாகத்தை ஷுக்ரி பென் டிரைவில் கொண்டுவந்தான். கீழே சிங்கள எழுத்து ஓடும். நான் அதைப் பார்த்துவிட்டு, போயாவுக்கு ஒரு கதையாகத் தமிழில் சொன்னேன். இரண்டாம் பாகம் வந்தபோது சிங்கள எழுத்து இல்லை. அதில் அவர்கள் பேசுகிற ஆங்கிலம் என் டைப்ரைட்டிங் ஆங்கிலத்துக்குப் பிடிபடவில்லை. பின்னறையில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். சொன்னேன்.

நான்கு வருஷம் சொன்னேன்.

என் கப்பலில் ஆட்கள் தோட்டத்தில் போலவே வரிசை வரிசையான லயக் காம்பிராக்களில், ஒற்றை அறை வீடுகளில், இருந்தார்கள். விடிகாலையில் கொம்பு ஊதி, ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு நடந்தது. கப்டன் ஒரு பெண்; அவளுக்கு மேலே யாரோ ஒரு துரை, முகம் காட்டாதவர். பொன்னையா அண்ணன் ஒரு நாளும் இது எப்படி என்று கேட்கவில்லை. "எங்க போனாலும் பெரட்டு உண்டு போல" என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் தை மாதம் லக்ஷிகா டீச்சர் வந்தார். யாழ்ப்பாணம், இருபத்தாறு வயது, முதல் நியமனம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாக விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை, பி.டி. மாஸ்டர்தான் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு அந்த முறை பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். பொன்னையா அண்ணனின் பேத்தி ஜெயந்தினி அதில் ஒருத்தி. டீச்சர் வந்த மூன்றாம் மாதம் பள்ளித் தவணைச் சோதனையில் அந்தப் பிள்ளை விஞ்ஞானத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி எடுத்தது. அந்தத் தாளுக்கு நான்தான் கொப்பி எடுத்தேன். கிழவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வினாத்தாள் கொப்பிக்கு வந்த டீச்சர் வட்டத்தின் அறிவித்தலைப் பார்த்துவிட்டு அடுத்த போயாவுக்கு வந்தார். அன்றைக்கு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எல்லாரும் போன பிறகு, கதிரைகளை அடுக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, நான் அந்தத் தொடர் முழுக்கப் பாத்தனான். அந்தக் கப்பலிலை பெரட்டு எண்டு ஒண்டும் இல்லையே."

நான் மேசையைத் துடைத்தேன்.

"கப்டனும் மூண்டாம் பாகத்திலை செத்துப்போவா. ஆனா ஒருத்தரிட்டையும் சொல்ல மாட்டன். உண்மையா அக்கா, உங்கட கதைதான் நல்லாயிருக்கு."

அப்படித்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே, அன்பாக. ஐயா, ஒருவர் நம்மைத் திட்டினால் பதில் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

சொன்னபடியே அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதில் அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. குறை எங்கே வந்தது என்றால், சித்திரை மாதப் போயாவில் பொன்னையா அண்ணன் தன் பழைய கேள்வியைக் கேட்டார்: இவ்வளவு தூரம் போக அந்தக் கப்பலுக்கு எவ்வளவு எண்ணெய் தேவைப்படும்? நான்கு வருஷமாக என்னிடம்தான் கேட்டார். அன்று டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டார். டீச்சர் மூலையில் கிடந்த கெரம் போர்டை எடுத்து, நிறையப் பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை ஒரு தட்டுத் தட்டினார். அது வழுக்கிக்கொண்டே போனது.

"இப்ப இதை ஆராவது தள்ளுகினமா ஐயா? பவுடரும் வேண்டாம், போர்டும் வேண்டாம், தடுக்கிறதுக்கு ஒண்டுமே இல்லையெண்டு நினையுங்கோ. நிக்கவே நிக்காது."

"அப்ப எஞ்சினே வேணாங்களா டீச்சர்?"

"தொடக்கத்துக்கு வேணும். பிறகு நிப்பாட்டுறதுக்கு வேணும்."

"அடேயப்பா. முப்பது வருசம் வீணா எண்ணெய் ஊத்திட்டேனே" என்றார் பொன்னையா அண்ணன். அறை முழுக்கச் சிரித்தது. பெரியாயி ஸ்ட்ரைக்கரைத் தானும் தட்டிப் பார்க்க வேண்டுமென்று எழுந்து வந்தாள். அன்று நேரமாகிவிட்டது. நான் கதை சொல்லவில்லை. கதை எங்கே என்று யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த போயாவுக்கு முப்பது பேர் வந்தார்கள். டீச்சர் பிள்ளைகளையும் தாய்மாரையும் கூட்டி வந்திருந்தார். என்னிடம் தேத்தண்ணீர் போடச் சொன்னார்கள்.

இனி மனுவுக்கு வருகிறேன்.

வெளியூர் டீச்சர்மார் மலையில் நிலைப்பதில்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவரும் போய்விடுவாரோ என்று தோட்டத்துச் சனங்களுக்குப் பயம். பரீட்சை முடியும்வரையாவது டீச்சரை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள் என்று கல்விக் காரியாலயத்துக்கு எழுத முடிவு செய்தார்கள். தோட்டத்தில் இதற்கு ஒரு வழமை உண்டு. எல்லாரும் ஒன்றாக நிற்பது காலைப் பெரட்டில் மட்டும்தான். ஆகவே முதலில் அங்கே வெறுந்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைப்பார்கள். மனுவை யாராவது பிறகு டைப் அடித்து முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். இருபது வருஷமாக அந்த யாராவது நான்தான்.

நாற்பத்து மூன்று பேர் வைத்த தாளைப் பொன்னையா அண்ணன் கொண்டுவந்தார். பெரியாயியும் கூட வந்திருந்தாள். "தங்கச்சி, உருக்கமா எழுது. படிக்கிறவனுக்குத் தொண்டை அடைக்கணும்" என்றார். மேலிடத்துக்குச் சிங்களத்தில் போனால் சீக்கிரம் நகரும் என்றேன். அது உண்மை. உடனே அடித்தேன்.

அதில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். டீச்சர் விடுமுறை நாட்களில் டவுனில் ஒரு கடையின் பின்னறையில் ஆண்களோடு இருக்கிறார். உண்மை. பொழுதுபட்ட பிறகு உறவில்லாத ஒருவருடைய த்ரீவீலில் திரும்புகிறார். அதுவும் உண்மை, ஷுக்ரிதான் இறக்கிவிடுவான். அதே த்ரீவீலில் பெரியாயியும் மூன்று பிள்ளைகளும் இடித்துக்கொண்டு போவார்கள் என்பதை எழுதவில்லை. ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டுமல்லவா? வயதுக்கு வந்த பிள்ளைகளை இருட்டில் மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். வியாழக் கிரகம் காட்டத்தான். மனிதர்கள் ஒரு நாள் இந்தப் பூமியை விட்டே போகலாம் என்று சொல்லிப் பிள்ளைகளின் மனதைக் குழப்புகிறார். கீழே கையொப்பமிட்ட பெற்றோராகிய நாங்கள், பரீட்சைக்கு முன் அவரை மாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

பிறகு, சிங்களம் வாசிக்கத் தெரியாத அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து, அவர்கள் கேட்டிருந்ததைத் தமிழில் சொன்னேன். 'ஆறு வருஷம் எங்கள் பிள்ளைகள் இருட்டில் இருந்தார்கள்' என்று ஒரு வரி சொன்னேன். பெரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு நன்றாக நான் கப்பல் கதைகூடச் சொன்னதில்லை.

பொன்னையா அண்ணனே தபாலில் போட்டார்.

நாற்பத்து மூன்று பெற்றோர் கையொப்பமிட்ட மனுவை எந்தக் காரியாலயம் தள்ளிவைக்கும்? ஆடி மாதம் மாற்றக் கடிதம் வந்தது. அதைக் கொப்பி எடுக்க டீச்சர் என்னிடமே வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"தாய் தகப்பன்மாரே எழுதிக் குடுத்திட்டினமாம் அக்கா. நான் ஆரோடையும் கதைக்கேல்லை. என்னத்தைக் கேக்கிறது?"

"விடுங்க டீச்சர். நம்ம சனம் அப்படித்தான். முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு" என்றேன். கொப்பிக்குக் காசு வாங்கவில்லை.

போகும்போது ஒரு கட்டுத் தாள் கொடுத்தார். கடைசி நான்கு பாடத்துக்கும் கையால் எழுதிய குறிப்பு, படங்களோடு. "பதினொரு பிள்ளையளுக்கும் ஒவ்வொரு கொப்பி எடுத்துக் குடுங்கோ அக்கா. இதைப் படிச்சாலே பாஸ் பண்ணுவினம்." கொடுப்பதாகச் சொன்னேன். கொடுத்தும் விட்டேன். அது மழைக்காலம். தாள் சுருண்டுகொள்ளும் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறேன். மெஷின் சரிவந்தபோது பரீட்சை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பதினொரு பேரில் ஒருவரும் விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. ஜெயந்தினி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நல்ல கடை. ஏ.சி. போட்டது.

இருக்கட்டும் என்று நாங்கள் கேட்ட டீச்சரை ஏன் எடுத்தீர்கள் என்று பொன்னையா அண்ணன் காரியாலயத்துக்கு வந்ததும், நீங்கள் கோப்பை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அதைக் கொஞ்சம் பக்குவமாகச் செய்திருக்கலாம் ஐயா. வயதானவர். அங்கிருந்து நேரே கடைக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு வேறொன்று கேட்டார்.

"தங்கச்சி, அந்தக் கப்பல்ல மெய்யாலுமே பெரட்டு இருந்திச்சா?"

"இருந்திச்சு அண்ணே" என்றேன்.

"கப்டன் அம்மா?"

"உசுரோடதான் இருக்காங்க."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். இப்போது போயாவுக்கு யாரும் வருவதில்லை. நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் இறங்க வேண்டிய இடம்வரை எனக்குள் தயாராக இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. யாருக்கு நட்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆம், அந்த மனுவை நான்தான் எழுதினேன். கையெழுத்துத் தாளை நான்தான் அதன் பின்னால் சேர்த்தேன். குறிப்புகளை நான்தான் வைத்திருந்தேன். எல்லாம் அந்த மனிதருக்காகத்தான். கப்டன் செத்துப்போவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

இந்த வாக்குமூலத்தின் சிங்களப் பிரதி மேலிடத்துக்குத் தேவை என்று சொல்லியிருந்தீர்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே டைப் அடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது ஒன்றுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை.