பதினோராவதின் கீழே ஒரு கோடு

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். விற்கிறவர் எஞ்சினைச் சூடாக்கி வைப்பதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை முதன்முதலாக முடுக்கும்போது வருகிற சத்தத்திலும் புகையிலும் பாதிக் கதை தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குக் காரின் கீழே படுக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல், பெயின்ற் மினுங்குகிறதே என்று வாங்கிவிட்டுத் தலையில் கைவைத்தவர்களைக் கொட்டாஞ்சேனையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

றஷ்மி மிஸ், போன செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். இழவு விழுந்த குடும்பத்தோடு எப்படிக் கதைக்க வேண்டுமோ அப்படிக் கதைத்தீர்கள். பிறிஜெற் தந்த பிளேன்டீயை முழுவதும் குடித்தீர்கள். பிறகு காப்புறுதிக் கம்பனியின் படிவத்தை மேசையில் வைத்து, "மிஸ்டர் டிலான் கார் வாங்க முதல் நீங்கள்தானே அங்கிள் செக் பண்ணினது? என்ன குறை இருந்தது, அதை அவரிட்டச் சொன்னீங்களோ எண்டு எழுதித் தாங்கோ" என்றீர்கள். சொந்தக்காரருக்கு முன்பே தெரிந்த குறையால் விபத்து நடந்திருந்தால் கம்பனி சாமினிக்கு எதுவும் கொடுக்காது என்பதை நிலத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள். நல்ல வளர்ப்பு.

பதிலுக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது போதாது. அதனால் வேறு தாளில் எழுதுகிறேன்.

டிலான் என் மனைவி பிறிஜெற்றின் தம்பி. வயது நாற்பத்தேழு. சாமினி அவனுடைய மனைவி. நான் துறைமுகத்து வேலைத்தளம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் வாகனப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் கொட்டாஞ்சேனையில் யாராவது பழைய வாகனம் வாங்குவதென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். காசு வாங்குவதில்லை. பார்த்து முடித்ததும் என் சட்டைப்பைக் கொப்பியில் குறைகளை இலக்கமிட்டு எழுதி, கடைசிக் குறைக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கையெழுத்து வைத்து, தாளைக் கிழித்துக் கொடுப்பேன். கோட்டுக்கு அர்த்தம், இதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது. "யேசுரட்ணம் அண்ணை கோடு போட்டா கோர்ட்டில சத்தியம் பண்ணின மாதிரி" என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருந்தது.

அந்த மரியாதையைத் தராதவன் டிலான் ஒருவன்தான்.

துறைமுகத்துக் கிளார்க் வேலையை விடாதே என்றேன். விட்டான், ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் ஏற்றும் தொழில் தொடங்கி, எட்டு லொறிக்கு முதலாளியானான். கடலோரத்தில் வீடு வாங்காதே, உப்புக்காற்றில் கதவுப் பூட்டுகூட மிஞ்சாது என்றேன். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் வாங்கினான். பூட்டுகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. சின்னக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு, இது நாலு வருடம் ஓடாது என்றேன். வாங்கினான். அடுத்த வருடமே நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதே காரை இரண்டு மடங்கு விலைக்கு விற்றான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் அவன் இருந்த இடமெல்லாம் பனம்பழம் விழுந்தால் மனிதன் என்ன செய்வது?

கடந்த நத்தார் தினம், பாலன் பிறப்புப் பூசை முடிந்து, எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் வான் வாங்குவது பற்றி என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். டிலான் கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அத்தான் வேண்டாமெண்டா யோசிக்கவே தேவையில்ல. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறிஜெற் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அது வலித்தது, மிஸ். அறுபத்து நான்கு வயதில் இப்படி ஒன்று வலிக்கும் என்று நானே நினைத்திருக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்கு ஒரு தரமாவது சறுக்கட்டும், என்னைக் கூப்பிட்டு "அத்தான், நீங்கள் சொன்னது சரிதான்" என்று சொல்லட்டும், அது போதும் என்று அன்றைக்கு இரவுச் செபத்தில் கேட்டேன். அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

தை மாதம் அவனே வந்தான். நுகேகொடையில் ஒரு கார் இருக்கிறதாம். எந்தக் கார் என்பது படிவத்தின் முதற்பக்கத்தில் இருக்கிறது. டர்போ பூட்டிய, ஓட்டப் பந்தயத்துக்கென்று செய்த ஜப்பான் கார், இருபத்தைந்து வயது, இரண்டு இலட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீற்றர் ஓடியது. நான் பெண் பார்க்கப் போன நாளில் டிலானுக்குப் பதினாறு வயது. அவன் கட்டிலுக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில், இந்த இனத்துக் காரின் படத்தை ஒட்டி வைத்திருந்தான். அதை ஞாபகப்படுத்தியபோது அவன் வெட்கப்பட்டான்.

"வாங்கலாமோ வேண்டாமோ எண்டு ஒரு கிழமையா நித்திரை இல்ல அத்தான். வந்து பாருங்கோ" என்றான்.

காலை ஏழு மணிக்கே போனோம். விற்பவர் ஒரு பல் வைத்தியர். "ஹரிம ஹொந்தய் மாத்தயா" என்று, மிகவும் நல்ல கார் என்பதை, மூன்று தரம் சிங்களத்தில் சொன்னார். நான் எஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முடுக்கினேன். நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றது. கீழே படுத்தேன். நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாக ஜக் போட்டு உயர்த்தி ஆட்டினேன். முன் வலது சக்கரத்தில் சற்று நேரம் எடுத்தேன். டிலான் அப்போது உள்ளே இருந்து இரண்டு கையாலும் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்கேயும் போகாத காரில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். தலையில் பாதி நரை. அப்படி ஒரு சந்தோசத்தை நான் அவன் முகத்தில் கலியாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் வடையும் தேநீரும் எடுத்தோம். "மறைக்காமச் சொல்லுங்கோ அத்தான். ஒண்டும் விடாம எழுதுங்கோ" என்றான்.

எழுதினேன். டர்போ புகை. ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பதிவு இல்லை. எஞ்சினைத் தாங்கும் றப்பர் ஒன்று தளர்ந்திருக்கிறது. கிளச் கடினம். கதவு றப்பர், மங்கிய விளக்கு, கிழிந்த சாரதி ஆசனம் என்று மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றும் உண்மை. எதையும் கூட்டி எழுதவில்லை.

பன்னிரண்டாவது, முன் வலது சக்கரத்தின் கீழ் போல் ஜொயின்ற். சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் ஒரு சின்ன இரும்புக் குமிழ் அது. தேய்ந்து, கை வைத்து ஆட்டினால் "டக்" என்றது. புதியது போட ஒரு முற்பகல் போதும். போடாவிட்டால் ஒரு நாள் கழன்று, சக்கரம் உள்ளே மடிந்துவிடும்.

பேனையைத் தாளில் வைத்து யோசித்தேன். பதினொன்றைக் கேளாதவன் பன்னிரண்டாவதையா கேட்கப்போகிறான்? செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன்? தவிர, இந்தக் குமிழ் பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் கழலும். பத்தில் ஏழு அப்படித்தான், என் அனுபவம். காலி வீதியில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, சந்தியில் கார் முழங்காலில் குந்திவிடும். அவன் எனக்கு ஃபோன் எடுப்பான். நான் பஸ்ஸில் போய் இறங்கி, ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அந்த நிற்றலைத்தான் நான் விரும்பினேன். மிச்ச மூன்றைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

பதினோராவதின் கீழே கோடு இழுத்தேன்.

"இவ்வளவுதானே அத்தான்?"

"கோடு போட்டிட்டன்" என்றேன். பொய் இல்லை, போட்டிருந்தேன். "ஆனா வாங்காதை டிலான்."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தான். "அத்தான் வேண்டாமெண்டிட்டீங்கள். அப்ப வாங்கத்தான் வேணும்."

வாங்கினான். நான் எதிர்பார்த்ததுதான். ஒரு மனிதன் நான் சொல்வதற்கு எப்போதும் எதிராகவே நடப்பான் என்றால், அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

இரண்டு மாதம் அவன் காரைக் கொண்டுவந்து காட்டவில்லை. பட்டறையில் நிற்கிறது என்றாள் பிறிஜெற். பங்குனியில் நீர்கொழும்பில் ஒரு ஞானஸ்நான விருந்து. சாமினி முதல் நாளே போய்விட்டாள். ஞாயிறு பூசை முடிந்து பிறிஜெற்றையும் என்னையும் அந்தக் காரில் கூட்டிப்போவதாக டிலான் சொன்னான். கட்டுநாயக்கா அதிவேகப் பாதையால் போகலாம், அத்தானுக்கு ஓடிக் காட்டவேண்டும் என்றானாம்.

அன்று காலை எனக்கு நெஞ்சில் இலேசாக ஒரு வலி வந்தது. எனக்கு அப்படி வருவதுண்டு. கட்டிலில் இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிறிஜெற் கட்டியிருந்த சேலையோடு பக்கத்தில் வந்து இருந்துவிட்டாள். நான் போகச் சொல்லவில்லை. மிச்ச மூன்றைப் பற்றி அந்த நேரம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டிலான் அறைக்குள்ளேயே வந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவம் அத்தான். இந்தக் காரில எண்டா அஞ்சு நிமிசம்."

"வேண்டாம்" என்றேன்.

முப்பது வருடத்தில் என் "வேண்டாம்" ஒன்றை அவன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "றெஸ்ட் எடுங்கோ. பின்னேரம் வாறன். உங்களுக்கு ஒண்டு காட்டவேணும்" என்று சொல்லிப் போனான். கார் வளைவில் வாய்க்கால் மூடியின் மேல் ஏறி இறங்கியபோது முன் வலதில் "டக்" என்றது. படுத்த இடத்திலிருந்தே கேட்டேன். இந்த வயதிலும் என் காது சரியாக இருப்பது சந்தோசமாக இருந்தது.

ஜா-எல தாண்டிச் சற்றுத் தூரத்தில் சக்கரம் மடிந்தது. மற்றவை உங்கள் கோப்பில் இருக்கின்றன.

பிறிஜெற்றுக்கு இன்றுவரை ஒரு நம்பிக்கை: அந்த நெஞ்சுவலி அந்தோனியார் அனுப்பியது, தம்பியை எடுத்தவர் தன்னையும் என்னையும் விட்டுவைத்தார் என்று. ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய் என் வலிக்காக நன்றி மெழுகுதிரி கொளுத்துகிறாள். நான் தடுக்கவில்லை. ஒருவருடைய பக்தியில் தலையிடுவது சரியில்லை.

செத்த வீட்டில் ஒருகொடவத்தைப் பட்டறைக்காரர் நிஸாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "முன்னுக்கு ஒரு சத்தம் இரிக்கி, பாக்கட்டா எண்டு கேட்டன் அண்ணே. ‘அத்தான் கோடு போட்டுத் தந்தவர், அவர் பாத்ததுக்கு மேல நீ என்ன பாக்கப் போறாய், லிஸ்ட்ல உள்ளத மட்டும் செய்’ எண்டு சொல்லிட்டார்" என்றார். நிஸாம் உணர்ச்சிவசப்படுகிற மனிதர். அந்த நிலையில் சொன்னதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு சாமினி என்னிடம் ஒரு தாளைத் தந்தாள். "அண்ணா, உங்கட கையெழுத்து. காருக்குள்ள இருந்ததாம், பொலிஸ் தந்தது" என்றாள். என் கொப்பித் தாள்தான். பதினொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் பச்சை மையில் சரி அடையாளம் போட்டு, செய்த திகதியும் எழுதியிருந்தான். கதவு றப்பரைக்கூட விடவில்லை. என் கோட்டுக்குக் கீழே அவன் கையால் இன்னொன்று: "12. அத்தானுக்குக் காட்டி, இப்ப சரியோ எண்டு கேக்கவேணும்." அதற்குப் பக்கத்தில் மட்டும் அடையாளம் இல்லை.

நான் அதைப் பல தரம் வாசித்தேன். எழுத்துச் சுத்தமில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மிஸ், எழுதி முடித்தபின் யோசித்தேன். இத்தனை தாளைக் கொடுத்து உங்களைச் சிரமப்படுத்துவது நியாயமில்லை. நீங்கள் கேட்டது மூன்று வரி. ஆகவே இவற்றை மடித்து, பச்சை மைத் தாளையும் உள்ளே வைத்து, என் மேசை லாச்சியில் பூட்டப்போகிறேன். நாளைக்கு நீங்கள் வந்தால் படிவம் மட்டும் தருவேன். அதில் எழுதியது இது:

"காரைப் பரிசோதித்தேன். குறைகளை எழுதிக் கொடுத்தேன். வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை."

சாமினிக்கு இதனால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வருத்தம்தான். ஆனால் ஒருவருக்கு உதவுவதற்காகப் பொய் எழுதுவது என் பழக்கமில்லை. கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.