ஆம்பூரின் ஒரே காது

ஆண்டவர் மற்ற ஊர்களில் ஆளுக்கு இரண்டு காது கொடுத்தார். ஆம்பூருக்கு மட்டும் ஊருக்கே சேர்த்து ஒன்று கொடுத்தார். அது என்னிடம் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆயர் ஐயா. விசாரணை என்று கூப்பிட்டு நாற்காலி போட்டிருக்கிறீர்கள். உண்மையிலிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை.

என் அப்பா டேனரியில் செலக்‌ஷன் பார்க்கிறவர். பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிசல் என்று பிரித்துப் போடுவார். அந்தக் கட்டைவிரல் சரியா என்று யாரும் சோதித்ததில்லை. சோதித்தால் லாரி கிளம்பாது. நம் பாடகர் குழுவில் என் காதும் அப்படித்தான். கிட்டார் கம்பியைத் தட்டுவேன், முறுக்குவேன், 'ஆச்சு' என்பேன். எல்லோருக்கும் ஆகிவிடும். சுருதி சேர்க்க இயந்திரம் தேடுகிறவனைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். துணி கிளிப் மாதிரி ஒன்றைக் கிட்டார் தலையில் மாட்டுகிறவன், நாளைக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு முழங்காலிடுவான் என்று வாலிபர் கூட்டத்திலேயே பேசியிருக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு எப்சிக்கு என்று முடிவாகியிருந்தது. நர்சிங் படிக்கிற பெண். அந்தப் பாட்டுக்காக வேலூரிலிருந்து ஒவ்வொரு ஒத்திகைக்கும் பஸ் பிடித்து வந்தாள். அப்படி வந்த ஒரு நாளில்தான், எல்லோர் முன்னாலும், மெதுவாகச் சொன்னாள்:

"ஜெமிண்ணா, அஞ்சாவது கம்பி கொஞ்சம் கம்மியா இருக்குது."

நான் கோபப்படவில்லை. ஜெஸ்டன்தான் தன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா ஜெமி, ஊர் காதுக்கே கம்மியாமே?" என்றான்.

சுருதி சேர்க்கும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று அவனே என் கல்லூரித் தோழன் ஆபித் பாஷாவிடம் சொல்லியும் வைத்தான். ஆபித் தன் அப்பாவின் ஷூ கம்பெனி சார்பில் தோல் கண்காட்சிக்கு வெளிநாடு போனபோது, கிட்டாரில் மாட்டும் கிளிப் ட்யூனர் இரண்டு வாங்கிவந்தான். ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. "எது கரெக்டா காட்டுதோ அத வச்சிக்க தோஸ்த். இன்னொன்ன எனக்குத் திருப்பிக் குடு, வேலூர்ல ஒருத்தன் கேட்டுக்னு கீறான்" என்றான். தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழு என்னிடம் கொடுத்தது. வேறு யாருக்குக் காது இருந்தது?

வீட்டில் வைத்து முதலில் கருப்பை மாட்டினேன். அஞ்சாவது கம்பியைத் தட்டியதும் ஊசி இடதுபக்கம் சாய்ந்தது. கம்மி என்று பொருள். எப்சி சொன்ன அதே வார்த்தை. ஒரு பெண்ணும் ஒரு இயந்திரமும் முன்பின் அறிமுகமில்லாமல் ஒன்றையே சொல்வது எனக்கு இயல்பாகப் படவில்லை.

வெள்ளை உடனே பச்சை விளக்குக் காட்டியது. சுருதி சரி என்று பொருள். கம்பியைத் தளர்த்தினேன், பச்சை. மேசையைத் தட்டினேன், பச்சை. அம்மா சமையலறையில் இருமினாள், அதற்கும் பச்சை. நல்ல சுபாவம். அப்பாவின் முறைப்படி, செலக்‌ஷன்காரன் கையோடு ஒத்துப்போவதுதான் முதல் ரகம். வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜெஸ்டன் எல்லோர் முன்னாலும் சோதிக்கச் சொன்னான். நியாயமான கோரிக்கை. ஆகவே கருப்பின் கவ்வுகிற வாயில், இரண்டு பக்கமும், மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டினேன். கிட்டாரில் கீறல் விழாது என்று விளக்கினேன். நம் ஊரில் எதற்குத் தோல் போட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். டிவி ரிமோட்டுக்கு உறை, பூட்டுக்கு உறை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரே பாவாடை கட்டியிருக்கிறது. கிளிப் ட்யூனர் ஓசையைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைப் பிடிக்கிறது என்று அதன் டப்பாவில் போட்டிருந்தது. நான் ஒருவன்தான் டப்பாவைப் படித்திருந்தேன்.

குழுவின் முன்னால் கருப்பை மாட்டிக் கம்பியைத் தட்டினேன். ஊசி எழுந்திருக்கவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எப்சி மட்டும் கிட்ட வந்து பார்த்தாள். "அதுக்கு ஏண்ணா மெத்த போட்டுக்கிறீங்க? தூங்கறதுக்கா?" என்றாள். அந்தச் சிரிப்பில் யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. காது இருந்ததே.

அதன்பிறகு எல்லாக் கிட்டாருக்கும் வெள்ளை பச்சை காட்டியது. பாட்டு மட்டும் சேரவில்லை. இயந்திரம் பச்சை, என் காது ஆம்பூர் அறிந்தது. மிச்சம் எப்சியின் குரல்தான். தனிப்பாட்டை அவளிடமிருந்து எடுத்து, பாட்டுத்தாள் கொடுக்கும் வேலையை அவளுக்குப் போட்டேன். அழாமல் கொடுத்தாள், அதையும் பாராட்டினேன். கீபோர்டு ஜோஸும் சேரவில்லை. கீபோர்டைப் போர்வை போட்டு உள்ளறையில் வைத்தோம். கிறிஸ்துமஸ் அன்று நம் சபையார் அசையவில்லை. டேனரி வாடையில் பிறந்தவர்கள், எதற்கும் பழகிவிடுவார்கள். வெளியூர் விருந்தாளிகள் வழக்கமாக மூக்கைப் பொத்துவார்கள். அன்று காதைப் பொத்தினார்கள்.

கருப்பு எங்கே என்று ஆபித் தேடிவந்ததால்தானே இந்த விசாரணை. அவனிடம் தொலைந்துவிட்டது என்றும், உங்களிடம் அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது என் கிட்டார் பையில் இருக்கிறது. அந்த ஆட்டுத்தோல் உங்கள் வேதாகம உறையின் உட்பக்கத்திலிருந்து வெட்டியது, ஐயா. ஊரெல்லாம் தோல் இருக்கிறது, ஆனால் அந்த மென்மை எதிலும் இல்லை. கட்டைவிரலால் தடவித்தான் எடுத்தேன்.

ஈஸ்டர் தனிப்பாட்டை எப்சிக்கே திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். சில வாரங்களாகப் பின்பெஞ்சிலிருந்து அவள் கூடப் பாடுவது என் கிட்டாரோடு அப்படியே சேர்கிறது. நன்றாகத் திருந்திவிட்டாள்.

கருப்பை இன்னும் ஒரு வாரம் மட்டும் என்னிடம் விட்டுவையுங்கள். சில வாரங்களாக ஞாயிறுதோறும் காலையில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய், தோலை எடுத்துவிட்டு, அதைக் கிட்டாரில் மாட்டுகிறேன். நம்பி அல்ல, அதைச் சோதிக்க. ஊசி நடுவில் வந்து நிற்கும்வரை கம்பியை முறுக்குகிறேன். என்னோடு பழகிப் பழகி, அதற்கும் காது வந்துகொண்டிருக்கிறது.