ஒரே பெட்டி, ஒரே சாவி

ஒழுங்கே உருவெடுத்து உட்கார்ந்தது போல் மேடையில் வீற்றிருக்கும் மேனாம்பேடு ஷேர் ஆட்டோ ஒழுங்குக் குழுவின் தலைவர் திரு. ஏகாம்பரம் அவர்களே! டோக்கன் பெட்டியின் சாவியை இடுப்பை விட்டு இறக்காத செயலாளர் வரதன் அவர்களே! அழைப்பிதழில் என் பெயரைத் தவிர எல்லார் பெயரையும் அச்சடித்த அன்பு நண்பர்களே! நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காமல் நிற்கும் தாய்மார்களே! வணக்கம்.

தலைவரைப் பாராட்டச் சொன்னார்கள். பாராட்டுகிறேன்.

குழு பிறக்கும் முன் நாம் எப்படிப்பட்ட காட்டுமிராண்டிகளாக இருந்தோம்! ஆட்டோக்களுக்குத் தலைவர் உண்டா? இல்லை. நேர அட்டவணை உண்டா? இல்லை. எதிரே வரும் ஓட்டுநர் இரண்டு விரல் காட்டுவார். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்த்தவர் விரைவார். விரல் தெரியாவிட்டால் டீக்கடையில் ஒதுங்குவார். ஒரு வண்டி பஞ்சரானால் அதன் ஆட்களை அடுத்து வரும் வண்டிகள் பங்கிட்டுக்கொள்ளும். மழைநீர்க் கால்வாய்க்காகச் சாலையைத் தோண்டினார்கள். யாரோ ஒருவர் சந்துக்குள் திருப்பினார், பின்னால் வந்தவர் பார்த்தார், சாயங்காலத்துக்குள் அதுவே வழியாயிற்று. யார் உத்தரவிட்டது? ஒருவருமில்லை! யார் திறந்து வைத்தது? ஒருவருமில்லை! ரிப்பன் வெட்டாமல் ஒரு வழி திறக்கலாமா? அக்கிரமம் அல்லவா!

தலைவர் திருத்தினார். விரல் காட்டுவது அநாகரிகம் என்றார். ஒரே வரிசை, ஒரே பெட்டி, ஒரே வரதன்! அவர் பெட்டியைத் திறந்து டோக்கன் தந்தால்தான் வண்டி நகரலாம்! பின்னால் யாரது சிரிப்பது? ஒழுங்கு, ஐயா, ஒழுங்கு!

சென்ற மாதம் வரதனின் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. அவர் பூந்தமல்லிக்குப் போனார், சாவியும் போனது. டோக்கன் இல்லை, ஆகவே ஓட்டமும் இல்லை. ஆகா, எத்தனை அழகான வரிசை! ஓர் அங்குலம் அசையவில்லை! அதன் எதிரே, ஆவடியில் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நம் கமலம் அம்மா, வீங்கிய காலோடு நின்றிருந்தார்.

"டோக்கன் வரட்டும்மா, எனக்கு ஃபைன் போட்ருவாங்க" என்றார் முதல் வண்டிக்காரர் தசரதன்.

கடைசி வண்டியை ஓட்டும் எல்லம்மா கத்தினார்: "இன்னா நைனா, டோக்கன் வந்து ரத்தத்த சுத்தம் பண்ணுமா? நீ ஏறு கமலம்மா!"

வரிசை உடைந்தது. கமலம் அம்மா பிழைத்தார். ஒழுங்கு மாண்டது!

அந்தக் கொலைக்குத்தான் இன்று தீர்ப்பு. எல்லம்மா இனி மேனாம்பேட்டில் ஆள் ஏற்றக் கூடாது என்பது தீர்மானம். அவர் பிழைப்பு? அது குழுவின் பொறுப்பில் வராது.

என்ன தமிழரசு? "செயலாளர் பதவி குடுக்கல, அதான் காண்டு" என்கிறீர்களா? உண்டு ஐயா, வண்டி வண்டியாய் உண்டு! பதவி கிடைத்திருந்தால் சாவி என் இடுப்பில் இருந்திருக்கும். எனக்கும் ஒரு காதுகுத்து வந்திருக்கும்! நூறு கண்கள் பார்த்து ஓட்டிய ஊரை ஒரு சாவிக்குள் பூட்டினீர்கள். அந்தச் சாவி ஊருக்குப் போனால் இந்த ஊர் நின்றுபோகும்! அன்று நின்றது கமலம் அம்மாவுக்கு. நாளை யாருக்கு?

தீர்மானத்தை எதிர்த்து விரல் உயர்த்துங்கள் என்று சொல்ல மாட்டேன். அநாகரிகம். அடடா, கமலம் அம்மா, எதற்கு விரலைத் தூக்குகிறீர்கள்? பக்கத்தில் நீங்களுமா? தசரதன், நீங்களுமா? அந்தக் கடைசி வரிசை முழுவதுமா? உங்களுக்கு யார் உத்தரவிட்டது?

தலைவர் அவர்களே, எதிரே விரல்கள் தெரிகின்றன. இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. வெளியே எல்லம்மா வண்டியில் ஓரிடம் காலி, நான் கிளம்புகிறேன். டோக்கன் இல்லாமல் கை உயர்த்திய அத்தனை பேருக்கும் என் வணக்கம்!