தைத்து மூடிய பை

— அசையாத தம்பி, ஊசி குத்திரும். இன்னொரு தடவ ஒத்திக பாப்போம். நாந்தான் கங்காணின்னு வச்சுக்க, எஸ்டேட் கேட்ல நிக்கிறேன். ஏலே பேப்பர்காரா, எங்கிட்டுப் போற?

— ஏலக்கா எடுக்கிற பொம்பளைகளப் பாத்துப் பேசப் போறேன்.

— ஏன், போடிக் கடையில உங்க வாப்பா பருப்பு நிறுக்கக் கூப்பிடலையா?

— அவரு எங்கூடப் பேசுறதில்ல. இந்தச் சோலிக்கு வந்ததுல அவருக்கு வருத்தம்...

— ஹமீது, வீட்டுக் கதைய அவன்கிட்ட ஏன் அவுக்குற? அங்கதான் மடக்குவான்.

— வாய் தானா ஓடிருச்சுக்கா. நீங்க அச்சு அசலா அவன மாதிரியே பேசுறீங்க.

— அந்த வாய்க்கிட்ட ரொம்ப நாள் பேச்சு வாங்கியிருக்கேன். சரி, கையத் தூக்கு. சட்டப்பை எங்கடா?

— தச்சு மூடியாச்சு. போன வாரம் எங்க பேப்பரு சோணையண்ணே பையில நீங்களே ஏலக்காயப் போட்டு, திருடன்னு போலீசுல புடிச்சுக் குடுத்தீங்க. எனக்குப் போட எடமில்ல.

— ம். இது நல்லாருக்கு. அப்ப, ஏலக்கா திருடுறாளுகளான்னு மடியச் சோதிக்கிற சாக்குல நான் பொம்பளைக மேல கை வைக்கிறேன்னு எழுதுனவன் நீதானா?

— நாந்தான்.

— எவடா சொன்னா? பேரச் சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— மிதிப்பேன்.

— மிதிங்க. சொல்ல மாட்டேன்.

— அந்தப் பொம்பளைக ஊரு சிலமலைக்கு ஆளனுப்பி வீடு வீடாக் கேப்பேன்.

— கேளுங்க. என்ன நம்பிச் சொன்னாங்க. என் வாயில இருந்து வராது.

— பேரில்லாத பேச்சு பொய்ப் பேச்சு. இந்தக் கேட்லயே நின்னு ஊருக்கெல்லாம் சொல்லுவேன். உன் பேப்பரு வட மடிக்கத்தான் ஆகும்.

— சொல்லிட்டுப் போகட்டும்க்கா. பொய்யன்னே பேரெடுத்துட்டு மலைய விட்டு எறங்கி வர்றேன். என்னக்கா, ஊசிய வச்சுட்டீங்க? தச்சு முடிக்கலையே.

— பல்லுல நூலக் கடிச்சேன். முடிஞ்சுது. தம்பி, ஒரு கேள்விக்குப் பதில மாத்திக்க.

— எந்தக் கேள்விக்கு?

— எவ சொன்னான்னு கேப்பான்ல. சிலமலை குருவம்மா சொன்னான்னு என் பேரச் சத்தமாச் சொல்லு. காலையில வேலைக்குப் போற ஜீப்புல உன் பக்கத்துலதான் ஒக்காந்து வர்றேன், எங்கிட்டயே கேட்டுக்கிரட்டும்.