தெருப்பக்கத்துக் காற்று

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கார்களை வைத்துப் பிழைக்கிறவன் கால்நடையாக வருகிறானே என்று பட்டறைகளில் சிரிப்பார்கள். நடந்தால்தான் ஒரு தெருவின் காற்று தெரியும். என் வேலையே அதுதான்.

அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகள் அந்தத் தெருவில் வரிசையாக இருக்கின்றன. பெயிண்ட் அடித்தால் நெடி எதிர்வீடுகளுக்குள் போகும். முன்பு அரசு அபராதம் போடும், பட்டறைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், நெடி அப்படியே இருக்கும். பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அரசு தண்டிக்காது, பட்டறைகள் தாங்களாகவே நெடியைக் குறைத்துக்கொள்ளும். குறைகிறதா என்று அளந்து பார்க்க இருவருக்கும் பொதுவாக ஓர் ஆள். அது நான். வேதியியல் படித்தவன். உடன்பாட்டின் வாசகங்களை எழுதியவனும் நான்தான். கருவியை எங்கே வைத்து அளப்பது என்ற இடத்தில், பட்டறை வாசலில், தெருவைப் பார்த்து என்று எழுதினேன். புகார் தெருவிலிருந்துதானே வந்தது.

"ரெண்டு வீட்டுக்கும் பொது மாப்பிள்ளை" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுக்கு நிறம் பார்க்கும் கண். வெயிலில் வெளுத்த கதவைப் பார்த்ததும் எந்தச் சாயத்தில் எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். மூலைப் பட்டறையில் நிறம் கலப்பது அவள் வேலை. பெயிண்ட் அடிக்கும் கூண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வெளி வெளிச்சம் நிறத்தைக் குழப்பும் என்று ஜன்னல் வைக்கவில்லை. ஒரு விளக்கு, மேசை நிறைய டப்பாக்கள், ஒரு சுழல் நாற்காலி.

உடன்பாட்டில் முதலில் சேர்ந்தது மூலைப் பட்டறைதான். மற்றவர்களை அழைத்து வந்து காட்டுவதற்கு எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் அங்கே அளவு குறையவேயில்லை. பிறகு ஒரு நாள் சட்டென்று இறங்கியது. வாசலில் நின்றால் நெடியே தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மாடி ஜன்னலைத் திறந்துவைத்தார். என்னைக் கூப்பிட்டு, நல்லா இருப்பீங்க தம்பி என்றார்.

எப்படிக் குறைந்தது என்று முதலாளியிடம் கேட்டேன். நெடியைப் பிடிக்கக் குழாயில் வைத்த வடிகட்டி ஓயாமல் அடைத்துக்கொள்கிறது, மாற்றும்போதெல்லாம் வேலை நிற்கிறது என்றார். அதனால் கூண்டிலிருந்து வெளியே போகும் குழாயை மூடிவிட்டு, காற்றைக் கட்டடத்துக்குள்ளேயே திருப்பிவிட்டாராம்.

"வெளிய விடாதீங்கன்னுதான சார் சொன்னீங்க. விடல."

திருப்பிய குழாயின் வாய் நிறம் கலக்கும் அறையின் மேல்மூலையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கீழே என் மனைவி ஒரு நீலத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மற்ற ஊர்களின் பட்டறைச் சங்கங்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அந்த நேரத்தில் மூலைப் பட்டறை தோற்றது என்றால் ஒருவர் விடாமல் கழன்றுகொள்வார்கள். தெரு முழுக்கப் பழையபடி நெடி. ஓர் அறையா, ஒரு தெருவா என்று யோசித்தேன். அந்த யோசனையில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குப் படவில்லை.

நான் வாசலில் கருவியை வைக்கும் நாட்களில் அவள் வெளியே வந்து பார்ப்பாள்.

"அதை ஒரு நாள் என் ரூம்ல வைங்களேன். ரோட்டுக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா?"

உடன்பாட்டில் அப்படி இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற பெயிண்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது. பனிக்காலம், சளி பிடித்திருக்கும் என்றேன். மருந்து வாங்கிக் கொடுத்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கணவன் செய்ய வேண்டியதில் எதையும் நான் குறைக்கவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது டாக்டர் என்னிடம், என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். ஆபீஸ் வேலை, சின்ன வயதிலிருந்தே நெஞ்சு பலவீனம் என்றேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொன்ன பிறகு, இருக்கலாம் என்று தோன்றியது. அவள் இறந்த பிறகு, அறையின் காற்றா, பிறவியிலேயே பலவீனமான நெஞ்சா என்ற அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

கருவி ஓர் எண்ணைத்தான் கொடுக்கும். அந்த எண்தான் அவளைக் கொன்றதா என்று சொல்லாது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

என் மனைவியின் தங்கை படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கும் அதே கண். முதலாளியிடம் பேசி அக்காவின் இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை, மாப்பிள்ளை."

தினமும் காலையிலும் மாலையிலும் அவளைப் பார்த்து, இருமல் உண்டா என்று கேட்டேன். அவள் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டாள். "விட்டா நெஞ்சுல காதை வச்சே கேப்பீங்க போல, மாமா. இவ்வளவு சந்தேகம்னா நீங்களே ஒரு வாரம் இந்தச் சேர்ல உக்காந்து பாருங்க" என்று ஒருமுறை கிண்டல் செய்தாள். அளக்கிறவன் தானே அளவுகோலாக முடியாது என்று விளக்கினேன். கண்ணை உருட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

விசாரிக்க வந்த உங்களிடம் முதலாளி சொன்னது உண்மை. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே, மனசு கேக்கல சார் என்று சொல்லி, குழாயைப் பிரிக்க ஆளைக் கூப்பிட்டிருந்தார். ஏணி போட்டாயிற்று. நான்தான் இறங்கச் சொன்னேன். அறை பழையபடி இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்று எனக்குத் தெரியும். கீழே யார் உட்காரப்போகிறார் என்றும் தெரியும்.

இருமல் வந்தது. ஓர் இருமலை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதால், பனிக்காலம் என்றேன். அவள் நம்பினாள். மேசை மேல் சாயும் வரை வேலைக்குப் போனாள். இப்போது ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாய் வைத்து மூச்சு விடுகிறாள். அதே டாக்டர். என்ன வேலை என்று அதே கேள்வி. நான் அதே பதிலைச் சொன்னேன்.

பொய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வந்திருக்கிறது என்றால், அந்தக் குடும்பத்து நெஞ்சே அப்படி என்றும் ஆகிறதல்லவா. உறுதியாகச் சொல்ல, அந்தக் குடும்பத்தில் பிறக்காத ஒருவர் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.