ஆடு எழுந்து நின்றது

கண்ணை மறைத்து மாட்டி வேறொரு இடத்துக்குள் போய்வருகிற இந்த ஹெட்செட்டைப் புதிதாக மாட்டுகிறவர்களுக்கு முதல் வாரம் குமட்டும். சின்ன மின்விசிறி ஒன்றைத் தரையில் வைத்து, காற்று முகத்தில் படும்படி திருப்பிவிட்டால் சரியாகிவிடும். எங்கள் முதியோர் இல்லத்தில் எண்பத்தெட்டு வயதுக்காரர்களை நான் அப்படித்தான் பழக்கினேன். ஒருவர்கூட வாந்தி எடுத்ததில்லை. நீங்களும் ஒருமுறை மாட்டிப் பார்த்தால் நான் சொல்லப்போவது எளிதாகப் புரியும். வேண்டாம் என்றால் பரவாயில்லை, வாயாலேயே சொல்கிறேன்.

என் பெயரை எழுதிக்கொண்டீர்கள். ஹோஷினா குனியே, ஐம்பத்து நான்கு வயது, நாகாவோகாவில் பத்தொன்பது வருடமாக முதியோர் பராமரிப்பு வேலை. ஹெட்செட் எங்கள் இல்லத்துக்கு வந்தபோது, அதை இயக்கக் கற்றுக்கொள்ள மற்ற யாரும் முன்வரவில்லை. நான் கற்றுக்கொண்டேன். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்பது விதி. உராதா அம்மாள் என்று ஒருவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். அவருடைய பழைய துறைமுகத்தைக் காட்டிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினால் என் கையில் அடித்து அழுவார்.

"எதுக்குடி கழட்டினே? இப்பத்தான் மீன் இறக்க ஆரம்பிச்சாங்க."

அவர் அழுவதைப் பார்த்துத்தான் எனக்கென்று ஒன்று வாங்கினேன். எனக்குப் பதினைந்து நிமிட விதி கிடையாது.

எனக்கு இரவு வேலை. காலை எட்டரைக்கு வீடு திரும்புவேன். என் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம் அது. குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டியின் சத்தம் போனபிறகு, மாலை வரை என் வீட்டில் வேறு சத்தம் இருக்காது. விவாகரத்து ஆகிப் பதினாறு வருடம் ஆகிறது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை, நேரக் கணக்குக்காகச் சொல்கிறேன்.

ஹெட்செட்டுக்குள் ஒரு அறை இருக்கிறது. யாரோ முகம் தெரியாதவர் உருவாக்கி, எல்லோருக்கும் திறந்து வைத்தது. எட்டுப் பாய் விரித்த அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஜன்னலுக்கு வெளியே ஓயாத பனி, நடுவில் போர்வை போர்த்திய சூட்டு மேசை. உங்கள் வீட்டிலும் இருக்குமே, கொதாட்சு, அதேதான். நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் தனக்குப் பிடித்த உருவத்தை உடுத்திக்கொண்டு அங்கே வந்து உட்காரலாம். நான் ஒல்லியான, நெட்டையான இளைஞன். அங்கே எனக்கு அறிமுகமான நீமி தெய்ஜி சான் வெள்ளாடு. இரண்டு காலில் நிற்கிற, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட வெள்ளாடு. அந்த ஆட்டின் முகம் சிரித்தபடி செய்யப்பட்டது. கண்கள் தானாகவே இமைக்கும்.

முதல் நாள் அந்த ஆடு கண்ணாடி முன் நின்று குனிந்து வணங்கிப் பழகிக்கொண்டிருந்தது.

"ஏங்க ஆடு?" என்று கேட்டேன்.

"முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன் தம்பி. கண்ணாடியில என் மூஞ்சியவே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு." பிறகு ஆடு என்னை மேலும் கீழும் பார்த்தது. "தம்பியா, அம்மாவா? குரலுக்கும் ஆளுக்கும் ஒட்டவே இல்லையே."

"அம்மாதான்."

"நல்லவேளை. தம்பிங்ககிட்ட எனக்கு என்ன பேசறதுன்னே தெரியாது."

அவர் இருந்தது கூரேயில், எங்கள் ஊரிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர். மனைவி இறந்தபிறகு தனியாக. பதினான்கு மாதம் நாங்கள் தினமும் சந்தித்தோம். அவர் தன் வீட்டுச் சூட்டு மேசையை அளந்து, உள்ளே தெரிகிற மேசை இருக்கும் இடத்திலேயே சரியாக வைத்துக்கொண்டார். என்னையும் அப்படியே செய்ய வைத்தார். அதனால் அங்கே மேசையில் கை வைத்தால் இங்கேயும் மேசை தட்டுப்படும். எதிரே அவர் கை வைத்தால் 'டொக்' என்று கேட்கும். ஹெட்செட்டோடு கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முடியாது, மூக்கில் இடிக்கும். எனவே தேநீரைக் குழாய் போட்டு உறிஞ்சுவோம். கமலா ஆரஞ்சைக் கண்ணால் பார்க்காமல் உரித்துத் தின்போம். இலையுதிர் காலத்தில் நான் அவருக்குப் புது அரிசி அனுப்பினேன். அவர் எலுமிச்சை அனுப்பினார். அவருடைய முகவரியை என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தேன். நீங்கள் என் வீட்டைச் சோதித்தபோது பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்றாவது ஆள் எபி. ஒசாகாக்காரி, வாய் ஓயாதவள், பென்குவின் உருவம். தெய்ஜி சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார், மகள் சாவாகோ செவ்வாய்க்கிழமை வருகிறாள், பெட்டி கட்டி அவரைத் தன்னோடு சப்போரோவுக்கு அழைத்துப் போகிறாள் என்று.

"இந்தக் கருவிய எடுத்துட்டுப் போகல. அவ வீடு சின்னது. பேத்தி தவழ ஆரம்பிச்சிருக்கா. இதை மாட்டிக்கிட்டு நடந்தா புள்ளைய மிதிச்சுடுவேன்னு பொண்ணு பயப்படறா."

"அப்போ எங்களை மிதிச்சுட்டுப் போறீங்க" என்றாள் எபி.

"பென்குவினை மிதிச்சா வழுக்கும், நான் மாட்டேன்."

"குனியே சான், நீங்க ஏதாவது சொல்லுங்களேன். ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறாங்க."

"குழந்தை இருக்கிற வீட்டுல அதுதானே நியாயம்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனேன். அவரும் நானும் மட்டும். பேத்திக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணி கழிந்து சிறிது நேரத்தில், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஆட்டின் இடது கை மேசை விளிம்பிலிருந்து நழுவிக் கீழே இறங்கியது. அவருடைய பேச்சு குழைந்தது, வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டு பேசுவது போல.

எங்கள் இல்லத்தில் வருடத்துக்கு ஒருமுறை இதற்குப் பயிற்சி உண்டு. முகம், கை, பேச்சு. ஆட்டின் முகத்தில் எதுவும் தெரியாது, அது சிரித்துக்கொண்டிருந்தது. எனவே கையைப் பார்த்தேன்.

"தெய்ஜி சான், ரெண்டு கையையும் முன்னால தூக்குங்க."

வலது கை மட்டும் வந்தது.

"இன்னிக்கு நல்ல வெயில், அப்படின்னு சொல்லுங்க."

அவரால் சொல்ல முடியவில்லை. பக்கவாதம். நேரத்தைக் குறித்துக்கொண்டேன், பத்து பன்னிரண்டு. குறித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது. பிறகு ஆடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அவர் வீட்டுப் பாயில் தலை பட்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

அந்த நேரத்தில் நான் பதறவில்லை. பதறுவது எங்கள் வேலைக்கு ஆகாது. யோசித்தேன். ஆம்புலன்ஸ் வரும், பிழைக்க வைப்பார்கள், சாவாகோ விமானத்தில் வருவாள். பாதி உடம்போடு அவரைச் சப்போரோவுக்குக் கொண்டுபோவார்கள். பாதி உடம்போடு இருப்பவர்களைப் பத்தொன்பது வருடமாகக் குளிப்பாட்டுகிறேன். அந்த வாழ்க்கை எப்படி என்று சாவாகோவைவிட எனக்குத் தெரியும். மருத்துவமனையில் தொலைபேசியை எடுப்பவர் "நீங்க நோயாளிக்கு என்ன உறவு?" என்று கேட்பார். நான் என்ன சொல்வது? தினமும் எதிரே உட்காருகிற நெட்டை இளைஞன் என்றா? அவர் இருக்கிறாரா இல்லையா என்றுகூட யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த அறையில் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அவர் கையின் மேல் என் கையை வைத்தேன்.

பதினொன்றரைக்கு எபி வந்தாள்.

"என்னங்க இது, ஆடு பட்டப்பகல்ல கவுந்து கெடக்கு?"

அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பலர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே தூங்குவார்கள், தனியாகத் தூங்கப் பிடிக்காதவர்கள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது, பக்கத்தில் பேசவும் கூடாது. அதைவிட மரியாதைக் குறைவு வேறில்லை.

"ராத்திரி பூரா பெட்டி கட்டினாராம்" என்றேன். "இப்பத்தான் கண்ணசந்தார்."

"ஏதோ முனகறாரே?"

"கனவு. பஸ் ஓட்டறார்போல."

எபி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நிறுத்தம் வந்தா சொல்லச் சொல்லுங்க, எறங்கிக்கிறேன்." அறையின் விளக்கைக் குறைத்துவிட்டு, பென்குவின் நுனிக்காலில் நடந்து வெளியே போயிற்று. நல்ல பெண். அவளை நீங்கள் இதில் இழுக்க வேண்டாம்.

இரண்டு நாற்பத்திரண்டு ஆகி அந்த நாலரை மணி நேரம் கடந்தபோது எனக்கு மனம் லேசானது. இனிமேல் செய்வதற்கு எதுவும் இல்லை, முடிவெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாலரை மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கழற்றினேன். அவர் மூச்சு அப்போது சீராக இருந்தது. அன்றைய வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இல்லத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலையில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அவருடைய கருவி மின்கம்பியோடு இணைந்திருந்தது, தலையிலும் இருந்தது. அதனால் ஆடு அங்கேயே படுத்து இமைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். இல்லத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். பதினான்கு மாதத்தில் 'நேரமாச்சு, கெளம்பறேன்' என்று அவர் சொல்லாதது அந்த ஞாயிறும் திங்களும் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆடு எழுந்து நின்றது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலை ஆடியது, மேலே உயர்ந்தது, அறையைச் சுற்றிப் பார்த்தது. சாவாகோ தன் அப்பாவின் தலையிலிருந்து கருவியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இறந்தவரின் வாயருகே காது வைத்துப் பார்க்கிற வேலை என்னுடையது, எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நொடியில் நான் எழுந்து குனிந்து வணங்கினேன்.

"எழுந்துட்டீங்களா? ரெண்டு நாளாப் பேச்சே இல்லையே. டீ போடட்டுமா?" என்றேன்.

கருவியின் ஒலிபெருக்கியில் அது சாவாகோவுக்குக் கேட்டிருக்கிறது. அப்பாவின் உடல் கிடக்கும் அறையில், கையில் பிடித்த பொருளுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். அவள் அலறியது எனக்கும் கேட்டது. அதன் பிறகுதான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். கூரே போலீசாரும் அதையே கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய தொலைபேசி சமையலறையில் இருந்தது, ஏழடி தூரம். வலது கையும் காலும் வேலை செய்தன. பாயில் ஒரு முழம் அவர் தன்னை இழுத்துக்கொண்டு போன தடம் இருக்கிறது. பிறகு நின்றுவிட்டது. நினைவு இருந்தவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்று கேட்கிறீர்கள்.

நான் சொன்னதால் நிறுத்தினார்.

விழுந்த உடனே "ஆம்புலன்ஸ்" என்றார். வாய் குழறினாலும் எனக்கு இந்த வேலை பழக்கம், புரிந்தது. வலது கையால் நகர ஆரம்பித்தார். பாய் உரசும் சத்தம் கேட்டது. அவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "தெய்ஜி சான், அசையாதீங்க. நான் கூப்பிட்டாச்சு. முகவரி சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நகரவே இல்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை.

இதை எழுதிக்கொள்ளும்போது கூடவே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், சாவாகோவுக்கும் சொல்லுங்கள். அவர் கடைசி வரை பயப்படவில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று நான் கிளம்புகிறவரை பதினேழு முறை கேட்டார். பதினேழு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.